ஏற்றியாச்சு, ஆனா போர்ட்டலில் காணோம்: டிஃபென்டர் பிழைகளை அறிகுறி பார்த்து நீக்குவது

“ஏத்தியாச்சு சார்” என்று பையன் சொல்வான். எல்லா மெஷினையும் ஒரே இடத்தில் காட்டும் டிஃபென்டர் போர்ட்டலைத் திறந்து தேடினால் அந்த மெஷின் பெயர் இருக்காது. “திரும்ப ஏத்திடவா?” என்பது அடுத்த கேள்வி. வேண்டாம்.

எங்கள் அலுவலகத்தில் 300 சொச்சம் விண்டோஸ் மெஷின்கள், கொஞ்சம் சர்வர்கள், டிசைன் ஆட்களிடம் நாலைந்து மேக். எல்லாவற்றிலும் மைக்ரோசாஃப்ட் டிஃபென்டர் ஃபார் எண்ட்பாயின்ட் என்ற பாதுகாப்பு மென்பொருளைப் போட்டு முடித்த மாதங்களில், வந்த புகார்களை எல்லாம் ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். அதிலிருந்துதான் இது. வேறு கம்பெனியின் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும், பெயர்கள்தான் மாறும்.

முதலில் ஒரு விஷயம். விண்டோஸ் 10, 11-ல் டிஃபென்டரின் கண்காணிக்கும் பகுதியான சென்சார் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோடு கூடவே வருகிறது. அதன் பெயர் சென்ஸ். நாம் ‘ஏற்றுவது’ என்று சொல்வது உண்மையில் ‘நீ இந்த நிறுவனத்து மெஷின், இங்கே போய்ப் பேசு’ என்று ஒரு ஸ்கிரிப்டை ஓட்டி அதற்கு ஒரு சீட்டுக் கொடுப்பது மட்டுமே. இதைத்தான் ஆன்போர்டிங் என்பார்கள். ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது மாதிரி. ஆளைக் கழற்றி மாட்டினால் கார்டில் பெயர் ஏறிவிடாது. அதனால்தான் ‘திரும்ப ஏற்றுவது’ பெரும்பாலும் வீண் வேலை.

இன்னொன்று, உள்ளே இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள். கோப்பை ஸ்கேன் செய்து தடுப்பது டிஃபென்டர் ஆன்டிவைரஸ். நடப்பதைக் கவனித்து போர்ட்டலுக்குத் தகவல் அனுப்புவது சென்ஸ். ஒருவர் நலமாக இருந்து மற்றவர் படுத்திருக்கலாம். புகார் வந்ததும் எந்த ஆளுக்கு உடம்பு சரியில்லை என்று பிரித்துப் பார்த்தாலே வேலை பாதி முடிந்தது.

ஸ்கிரிப்ட் ஓடியது, சென்ஸ் கிளம்பவில்லை

சர்வீசஸ் ஜன்னலில் ‘விண்டோஸ் டிஃபென்டர் அட்வான்ஸ்ட் த்ரெட் புரொடெக்‌ஷன் சர்வீஸ்’ என்ற நீளமான பெயரில் சென்ஸ் இருக்கும். ரன்னிங் என்று காட்டவில்லையா, ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் லாகைத் திறந்து, டபிள்யூடிஏடிபி ஆன்போர்டிங் என்ற சோர்ஸை வடிகட்டுங்கள். ஸ்கிரிப்ட் தான் எங்கே தடுக்கி விழுந்தது என்பதை அங்கே எண்ணாக எழுதிவைத்திருக்கும்.

65 என்றால் அட்மின் உரிமை இல்லாமல் ஓட்டியிருக்கிறார்கள். 10 என்றால் விண்டோஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் ரிஜிஸ்ட்ரியில் எழுத முடியவில்லை. இதுவும் அனேகமாக உரிமைப் பிரச்சினைதான். இந்த இரண்டிலும் யோசிக்க ஒன்றுமில்லை, கமாண்ட் ப்ராம்ப்டை ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்துத் திறந்து மறுபடி ஓட்டினால் போதும்.

யோசிக்க வைப்பது 15. சென்ஸைக் கிளப்ப முடியவில்லை என்று அர்த்தம். கூடவே 577 அல்லது 1058 என்ற சிஸ்டம் எர்ரர் இருந்தால் சென்ஸைத் தொடாதீர்கள், அது நிரபராதி. டிஃபென்டர் ஆன்டிவைரஸை யாரோ பாலிசி போட்டு அணைத்திருக்கிறார்கள். பூட் ஆகும்போதே ஏற வேண்டிய அதன் ஈலாம் டிரைவர் அதனால் ஏறவில்லை. டிரைவர் இல்லாமல் சென்ஸ் கிளம்பாது.

யார் அந்த யாரோ? எங்கள் இடத்தில் நாங்களேதான். பல வருடங்களுக்கு முன் வேறு ஆன்டிவைரஸ் வாங்கியபோது, டிஃபென்டர் குறுக்கே வராமல் இருக்க ‘டிஸேபிள் ஆன்டிஸ்பைவேர்’ என்ற மதிப்பை 1 ஆக வைத்து ஒரு குரூப் பாலிசி, அதாவது எல்லா மெஷினுக்கும் மையத்திலிருந்து போகும் ஒரு கட்டளை, போட்டிருந்தோம். போட்டவர் வேலையை விட்டுப் போய்விட்டார், பாலிசி போகவில்லை. ரிஜிஸ்ட்ரியில் கையால் அழித்தால் சரியானது போல இருக்கும். அடுத்த பாலிசி ரெஃப்ரெஷில் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் ஒரு மதியம் முழுக்க நாலு மெஷினில் அதை அழித்து அழித்து விளையாடியிருக்கிறேன். ஜிபிரிசல்ட் அறிக்கை எடுத்துப் பாருங்கள், எந்த பாலிசி என்று பெயரோடு சொல்லிவிடும். அங்கே போய் ‘நாட் கான்ஃபிகர்ட்’ ஆக்குங்கள்.

குரூப் பாலிசியில் அனுப்பினோம், பல மெஷினில் எதுவுமே நடக்கவில்லை

ஈவென்ட் லாகில் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. ஸ்கிரிப்ட் ஓடவே இல்லை என்று பொருள்.

பாலிசி அந்த ஸ்கிரிப்டை ஓட்டுவது ஒரு ஷெட்யூல்ட் டாஸ்க் மூலம். அது விண்டோஸின் சொந்த சிஸ்டம் அக்கவுன்டில் ஓடுகிறது. நெட்வொர்க்கில் போய்க் கதவைத் தட்டும்போது அது பயனர் பெயரில் போகாது, கம்ப்யூட்டரின் பெயரில் போகும். ஸ்கிரிப்ட் வைத்திருக்கும் ஷேர் ஃபோல்டரில் ‘டொமைன் யூசர்ஸ்’ குழுவுக்கு மட்டும் ரீட் கொடுத்திருந்தால் மெஷினுக்குக் கதவு திறக்காது. ‘டொமைன் கம்ப்யூட்டர்ஸ்’ குழுவையும் சேர்க்க வேண்டும். நான் உட்கார்ந்து சோதித்தபோது என் லாகினில் ஃபோல்டர் அழகாகத் திறந்தது. அதனாலேயே இரண்டு நாள் தப்பான இடத்தில் தேடினேன்.

இரண்டாவது காரணம் பேக்கேஜ். போர்ட்டலில் ஆன்போர்டிங் பேக்கேஜ் இறக்கும்போது எந்த வழியில் அனுப்பப்போகிறோம் என்று கேட்கும். ‘லோக்கல் ஸ்கிரிப்ட்’ என்பது 10 மெஷின் வரை கையால் ஓட்டிப் பார்க்க. அது நடுவில் நின்று ‘ஒய் அழுத்து’ என்று கேட்கும். அதையே பாலிசியில் மாட்டினால், ஆளில்லாத திரையில் யாராவது ஒய் அழுத்த மாட்டார்களா என்று காத்துக்கொண்டே இருக்கும். குரூப் பாலிசிக்கான பேக்கேஜைத் தனியாக இறக்குங்கள்.

சென்ஸ் ஓடுகிறது, போர்ட்டலில் ஆளைக் காணோம்

நோட்டில் அதிகப் பக்கம் பிடித்தது இதுதான்.

சர்வீஸ் ரன்னிங். ரிஜிஸ்ட்ரியில் ஆன்போர்டிங் ஸ்டேட் 1. எல்லாம் சரி. அரை மணி நேரம் பொறுத்துப் பாருங்கள், புது மெஷின் போர்ட்டலில் தலைகாட்டக் கொஞ்சம் நேரமாகும். அதன் பிறகும் இல்லையென்றால் ஈவென்ட் வியூவரில் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், சென்ஸ், ஆபரேஷனல் என்று உள்ளே போங்கள். அங்கே 5 என்ற ஈவென்ட் இருந்தால் சர்வரை எட்ட முடியவில்லை என்று சென்ஸ் புலம்புகிறது. மெஷினில் பிரவுசரைத் திறந்தால் இன்டர்நெட் ஜம்மென்று வரும். “நெட் நல்லாத்தானே இருக்கு” என்று சண்டைக்கு வருவார்கள்.

ப்ராக்ஸி என்பது இன்டர்நெட்டுக்குப் போகும் வழியில் நடுவில் நிற்கும் சர்வர். பிரவுசருக்கு வருவது பயனரின் ப்ராக்ஸி அமைப்பு. சென்ஸ் பயனர் அல்ல. அது சிஸ்டம் அக்கவுன்டில் ஓடுவதால் அந்த அமைப்பு அதன் கண்ணில் படாது. அது பார்ப்பது சர்வீஸ்களுக்கென்று தனியாக இருக்கும் வின்-எச்டிடிபி ப்ராக்ஸி. கமாண்ட் ப்ராம்ப்டில் ‘நெட்ஷ் வின்எச்டிடிபி ஷோ ப்ராக்ஸி’ என்று அடித்துப் பாருங்கள். ‘டைரக்ட் ஆக்சஸ்’ என்று பதில் வந்து, உங்கள் ஃபயர்வாலோ ப்ராக்ஸி வழியாகத்தான் வெளியே விடும் என்றால், கோளாறு சிக்கிவிட்டது. அதே கமாண்டில் ‘ஷோ’வுக்குப் பதில் ‘செட்’ போட்டு முகவரியும் போர்ட்டும் கொடுக்கலாம். ஆனால் அப்படிச் செய்தால் விண்டோஸ் அப்டேட் உள்பட மற்ற சர்வீஸ்களும் அந்தப் பாதையில் போகும். டிஃபென்டருக்கு மட்டும் போதும் என்றால் குரூப் பாலிசியில் அதற்கென்றே ஸ்டாட்டிக் ப்ராக்ஸி அமைப்பு இருக்கிறது. நான் அதைத்தான் போடுகிறேன். யூசர் நேம், பாஸ்வேர்ட் கேட்கும் ப்ராக்ஸியா? சர்வீஸ் பாஸ்வேர்ட் அடிக்காது. டிஃபென்டரின் முகவரிகளை மட்டும் லாகின் இல்லாமல் விடச்சொல்லி நெட்வொர்க் ஆட்களிடம் கேளுங்கள்.

அடுத்த சந்தேகம் எஸ்எஸ்எல் இன்ஸ்பெக்‌ஷன். ஃபயர்வால் நடுவில் புகுந்து கவரைப் பிரித்துப் படித்துவிட்டு, தன் சான்றிதழை ஒட்டித் திரும்ப மூடி அனுப்பும். பிரவுசர் இதை ஏற்றுக்கொள்ளும். சென்ஸ் ஏற்காது, கவரில் வேறு முத்திரை இருந்தால் பேச்சையே நிறுத்திவிடும். சரியாகத்தான் செய்கிறது. பாதுகாப்பு மென்பொருளின் பேச்சை இடையில் ஒருவர் மாற்றலாம் என்றால் பிறகு அது எதற்கு? டிஃபென்டரின் முகவரிகளை இன்ஸ்பெக்‌ஷனிலிருந்து விலக்குங்கள்.

மூன்றாவது, யாரும் நம்பாத காரணம். ஸ்டோர் ரூம் மெஷின் ஒன்று தினமும் காலையில் காணாமல் போகும், மதியம் வரும். நெட்வொர்க் கேபிளை மாற்றினோம், ஸ்விட்ச் போர்ட்டை மாற்றினோம். ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு நானே போய் நின்றேன். திரையின் வலது மூலையில் பல வருடம் பழைய தேதி. இரவு அங்கே மெயினை அணைத்துவிட்டுப் போவார்கள். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பொத்தான் பேட்டரி செத்திருந்ததால் மெஷின் ஒவ்வொரு காலையும் பழைய காலத்தில் கண் விழித்தது. தேதி தப்பாக இருந்தால் சர்வரின் சான்றிதழ் ‘இன்னும் தொடங்கவே இல்லை’ என்று தோன்றும், இணைப்பு முறியும். பிறகு எப்போதாவது நேரம் சரியானதும் போர்ட்டலில் வந்துவிடும். ஒரு பொத்தான் பேட்டரி வாங்கிப் போட்டதோடு தீர்ந்தது. இப்போதெல்லாம் ஒரு மெஷின் மட்டும் தனியாக மக்கர் செய்தால் முதலில் கடிகாரத்தைத்தான் பார்க்கிறேன்.

இவை மூன்றும் இல்லையென்றால் மைக்ரோசாஃப்ட்டின் சோதனை டூலான எம்டிஇ கிளையன்ட் அனலைசரை இறக்கி, அட்மினாக ஓட்டுங்கள். எந்த முகவரியை எந்த வழியில் முயன்றது, எது தோற்றது என்று ஒரு அறிக்கை வரும். உதவிக்கு டிக்கெட் போட்டாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். கையோடு எடுத்துவைத்துக்கொண்டால் ஒரு நாள் மிச்சம்.

இருபது மெஷின், போர்ட்டலில் ஒன்றுதான்

அல்லது ஒரே மெஷினின் பெயர் மணிக்கு ஒருமுறை மாறிக்கொண்டிருக்கும். புது மெஷின்களை இமேஜ் போட்டுக் குளோன் செய்தீர்களா என்று கேளுங்கள். தாய் இமேஜிலேயே ஆன்போர்டிங் செய்துவிட்டு நகல் எடுத்திருப்பார்கள். சென்ஸ் தனக்கென்று வைத்துக்கொள்ளும் அடையாள எண், சென்ஸ்கைடு, எல்லா நகலுக்கும் ஒன்றாகிவிடும்.

தாய் இமேஜில் சென்ஸை நிறுத்தி, ரிஜிஸ்ட்ரியில் சென்ஸ்கைடை அழித்து, புரோகிராம்டேட்டாவில் அதன் ‘சைபர்’ ஃபோல்டரைக் காலி செய்துவிட்டு நகல் எடுக்க வேண்டும். அதைவிட நல்லது, இமேஜில் ஆன்போர்டிங்கே செய்யாமல் இருப்பது. மெஷின் டொமைனில் சேர்ந்த பிறகு பாலிசியோ, மைக்ரோசாஃப்ட்டின் மெஷின் நிர்வாக சேவையான இன்ட்யூனோ அதைப் பார்த்துக்கொள்ளட்டும்.

இதோடு சேர்த்து ஒன்று: பழைய, தூக்கிப்போட்ட மெஷின்கள் போர்ட்டலில் ‘இன்ஆக்டிவ்’ என்று நிற்கும். ஏழு நாள் சத்தம் இல்லையென்றால் அந்தப் பெயர் வந்துவிடும். அதை அழிக்க பட்டன் தேடி நேரத்தைச் செலவழிக்காதீர்கள்; தகவல் வைத்திருக்கும் காலம், வழக்கமாக 180 நாள், முடிந்ததும் தானாகப் போய்விடும்.

“தம்பி, டேலி திறக்கவே மாட்டேங்குது”

அக்கவுன்ட்ஸ் அக்காவின் குரல் இது. மாதக் கடைசி. அவரிடம் ‘செக்யூரிட்டி முக்கியம்’ என்று வகுப்பெடுக்க முடியாது.

டேலி டேட்டா ஒரு சர்வரில் இருந்தது, அவர் மெஷினில் இசட் ட்ரைவாகத் தெரியும். டிஃபென்டர் ஸ்கேன் செய்வதால்தான் இழுக்கிறது என்று எங்கள் பையன் இசட் ட்ரைவில் அந்த ஃபோல்டரை எக்ஸ்க்ளூஷனில், அதாவது ஸ்கேன் விலக்குப் பட்டியலில், போட்டான். எந்த மாற்றமும் இல்லை. காரணம் முன்னே சொன்னதுதான்: டிஃபென்டர் ஓடுவது சிஸ்டம் அக்கவுன்டில், மேப் செய்த ட்ரைவோ அந்த அக்காவின் லாகினுக்குச் சொந்தம். டிஃபென்டருக்கு இசட் என்று ஒரு ட்ரைவ் இருப்பதே தெரியாது. சர்வர் பெயரோடு முழு நெட்வொர்க் பாதையைக் கொடுத்ததும் வேகம் வந்தது.

எக்ஸ்க்ளூஷன் போடும் முன் எது இழுக்கிறது என்று அளந்துவிடுங்கள். பவர்ஷெல்லில் ‘நியூ-எம்பி பெர்ஃபார்மன்ஸ் ரெக்கார்டிங்’ என்று ஒரு வசதி இருக்கிறது. அதை ஓடவிட்டு, பயனரை வழக்கமான வேலையைச் செய்யச் சொல்லி, நிறுத்தி, அறிக்கை எடுத்தால் எந்தக் கோப்பு, எந்த ப்ராசஸ் அதிக ஸ்கேன் நேரம் தின்கிறது என்று வரிசையாகக் காட்டும். ஊகத்தில் சி ட்ரைவையோ டெம்ப் ஃபோல்டரையோ விலக்கிவிட்டால் வைரஸுக்கு நாமே திண்ணை கட்டிக் கொடுத்த மாதிரி.

ப்ராசஸ் எக்ஸ்க்ளூஷனில் ஒரு நுணுக்கம்: அந்த ப்ராசஸ் திறக்கும் கோப்புகளுக்குத்தான் விலக்கு. அந்த எக்ஸி கோப்பையே ஸ்கேன் செய்யாமல் விடு என்று அதற்குப் பொருள் இல்லை. அதற்குத் தனியாகப் பாதை எக்ஸ்க்ளூஷன் வேண்டும்.

இரண்டு ஆன்டிவைரஸ் மல்லுக்கட்டு

விண்டோஸ் 10, 11-ல் இன்னொரு ஆன்டிவைரஸ் இருந்தால், ஆன்போர்டிங் ஆன மெஷினில் டிஃபென்டர் தானாகவே ஒதுங்கி பாஸிவ் மோடுக்குப் போகும். சர்வரில் அப்படிப் போகாது. இரண்டும் ஒரே கோப்பை ஆளுக்கொரு பக்கம் இழுக்கும், சிபியூ நூறைத் தொடும். சர்வரில் ‘ஃபோர்ஸ் டிஃபென்டர் பாஸிவ் மோட்’ என்ற மதிப்பை நீங்களே 1 ஆக வைக்க வேண்டும், அதுவும் ஆன்போர்டிங்குக்கு முன்னால். இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதை பவர்ஷெல்லில் ‘கெட்-எம்பி கம்ப்யூட்டர் ஸ்டேட்டஸ்’ கொடுத்து ஏஎம் ரன்னிங் மோட் என்ற வரியில் பாருங்கள்.

சர்வர் 2012 ஆர்2, 2016 இரண்டிலும் சென்ஸ் உள்ளே வராது, தனி இன்ஸ்டால் பேக்கேஜ் உண்டு. 2019 முதல் அந்தத் தொல்லை இல்லை.

பழைய ஆன்டிவைரஸை எடுத்துவிட்டுத்தான் வந்தீர்கள் என்றால் வேறு தலைவலி. கன்ட்ரோல் பேனலில் நீக்கிய பிறகும் அதன் டிரைவர்கள் மிச்சம் இருக்கும், விண்டோஸ் செக்யூரிட்டி சென்டரில் அதன் பெயர் பதிந்தே கிடக்கும். ‘இன்னொருவர் காவல் இருக்கிறார்’ என்று நம்பி டிஃபென்டர் படுத்திருக்கும், காவலில் யாருமே இருக்க மாட்டார்கள். அந்தந்தக் கம்பெனி தரும் நீக்கும் டூலைப் போட்டு, ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். அன்இன்ஸ்டால் பாஸ்வேர்டை, லைசன்ஸ் முடிந்து அவர்கள் கன்சோல் மூடுவதற்கு முன்பே வாங்கி வைப்பது புத்திசாலித்தனம்.

கைமுறையாக மாற்றினேன், திரும்பிவிட்டது

டேம்பர் புரொடெக்‌ஷன். திருடன் அணைக்கக்கூடாது என்பதற்காக வைத்த பூட்டு உங்களையும் தடுக்கிறது. போர்ட்டலில் அந்த மெஷினுக்கு ட்ரபிள்ஷூட்டிங் மோட் போட்டால் சில மணி நேரம் பூட்டுத் திறக்கும்.

சிக்னேச்சர் பழசு

சிக்னேச்சர் அல்லது டெஃபினிஷன் என்பது வைரஸ்களை அடையாளம் காட்டும் பட்டியல். விண்டோஸ் அப்டேட்டுகளை அலுவலகத்துக்குள்ளேயே விநியோகிக்கும் டபிள்யூசஸ் சர்வர் வைத்திருக்கும் இடங்களில்தான் இது அதிகம். டெஃபினிஷன் அப்டேட்டுகளுக்குத் தானியங்கி ஒப்புதல் போடாமல் விட்டிருப்பார்கள். மெஷின்கள் அங்கேயே கேட்டுக் காத்திருக்கும். ஒப்புதல் விதி போடுங்கள், ஒன்று கைவிட்டால் அடுத்து எங்கே கேட்பது என்ற ஃபால்பேக் வரிசையில் மைக்ரோசாஃப்ட்டின் நேரடி சர்வரையும் சேருங்கள்.

ஸ்டார்ட் மெனுவில் ஐகான்கள் காணோம், மேக்ரோ ஓடவில்லை

ஏஎஸ்ஆர் விதிகள் என்று ஒரு கட்டு இருக்கிறது: ஆஃபீஸ் கோப்பு வேறு புரோகிராமைக் கிளப்பக்கூடாது என்பது போன்ற தடைகள். நல்லவை. ஆனால் முதல் நாளே ‘பிளாக்’ என்று போட்டால் எக்செல் மேக்ரோவில் சம்பளப் பட்டியல் போடும் ஆட்கள் கதவைத் தட்டுவார்கள். ‘ஆடிட்’டில் விட்டு, சில வாரம் எது மாட்டுகிறது என்று பார்த்து, பிறகு ஒவ்வொரு விதியாக இறுக்க வேண்டும்.

தப்பு நம் பக்கமே இல்லாமலும் போகலாம். 2023 ஜனவரி 13, வெள்ளிக்கிழமை. 1.381.2140.0 என்ற டெஃபினிஷன் அப்டேட் வந்தது. ஆஃபீஸ் மேக்ரோக்கள் விண்டோஸின் உள் வசதிகளை (வின்32 ஏபிஐ) அழைப்பதைத் தடுக்கும் ஏஎஸ்ஆர் விதி, அப்பாவி ஷார்ட்கட்களைத் தவறாக அடையாளம் கண்டு அழித்தது. புரோகிராம்கள் அப்படியே இருந்தன. அவற்றைத் திறக்கும் ஐகான்கள் ஸ்டார்ட் மெனுவிலும் டாஸ்க்பாரிலும் போய்விட்டன. அந்த விதியை பிளாக்கில் வைத்திருந்தவர்களுக்குத்தான் அடி. பிறகு மைக்ரோசாஃப்ட் ஒரு ஸ்கிரிப்ட் வெளியிட்டது, அதுவும் எல்லா ஷார்ட்கட்டையும் மீட்டுவிடவில்லை. ஒரே நேரத்தில் பல பேர் ஒரே புகாரோடு வந்தால் மெஷினில் தேடாதீர்கள். அன்று காலை என்ன அப்டேட் இறங்கியது என்று பாருங்கள்.

நீலத்திரை

2024 ஜூலை 19-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். இன்னொரு பாதுகாப்பு மென்பொருள் கம்பெனியான கிரவுட்ஸ்ட்ரைக்கின் சேனல் ஃபைல் 291 என்ற பிழையான அப்டேட் நம் நேரப்படி காலை 9:39-க்கு வெளியானது, 10:57-க்குத் திரும்பப் பெறப்பட்டது. அந்த 78 நிமிடத்தில் அதை வாங்கிப் பாதிக்கப்பட்ட விண்டோஸ் மெஷின்கள் சுமார் 85 லட்சம் என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. இங்கே விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

தீர்வு என்னவோ சின்னது: சேஃப் மோடில் போய் 291 என்ற எண் கொண்ட அந்த ஒரு கோப்பை அழிப்பது. ஆனால் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) போட்ட மெஷினில் அங்கே போகவே 48 இலக்க ரெகவரி கீ வேண்டும். கீயைச் சேமித்து வைத்த சர்வரும் நீலத்திரையில் இருந்தால்? என் நோட்டில் அன்று எழுதியது ஒரே வரி: ‘கீ நகல் வெளியே எங்காவது.’ டிஃபென்டரில் எஞ்சின், பிளாட்ஃபார்ம் அப்டேட்டுகளுக்குச் சேனல் பிரிக்கலாம், அதாவது யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு என்று வரிசை வைக்கலாம். ஐடி ஆட்களின் பத்து மெஷினை முன்னால் வைத்து, அக்கவுன்ட்ஸையும் பில்லிங்கையும் பின்னால் தள்ளுங்கள்.

மேக்கில் ‘அனுமதி இல்லை’

ஆப்பை முதலில் அனுப்பி, அனுமதி ப்ரொஃபைல்களைப் பிறகு அனுப்பியிருப்பீர்கள். சிஸ்டம் எக்ஸ்டென்ஷன், ஃபுல் டிஸ்க் ஆக்சஸ் இரண்டுக்குமான ப்ரொஃபைல், மெஷின்களை மையமாக நிர்வகிக்கும் எம்டிஎம் வழியாக முன்னால் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பயனரே செட்டிங்ஸில் போய் அனுமதிக்க வேண்டும். அவர் ‘லேட்டர்’ அழுத்திவிட்டு வேலையைப் பார்ப்பார்.

எல்லாம் பச்சை. நிஜமாகவே வேலை செய்கிறதா?

ஐகார் சோதனைக் கோப்பு 68 எழுத்துகள் கொண்ட, எந்தக் கெடுதலும் செய்யாத ஒரு வரி. நோட்பேடில் ஒட்டிச் சேமித்தால் டிஃபென்டர் உடனே பிடுங்க வேண்டும். பிடுங்கினால் ஆன்டிவைரஸ் விழித்திருக்கிறது. சென்ஸைப் பற்றி அது முழுதாகச் சொல்லாது. அதற்கு போர்ட்டலின் ஆன்போர்டிங் பக்கத்திலேயே ‘டிடெக்‌ஷன் டெஸ்ட்’ என்று ஒரு கமாண்ட் கொடுத்திருப்பார்கள். அதை மெஷினில் ஓட்டினால் ஜன்னல் தானாக மூடிக்கொள்ளும், சுமார் பத்து நிமிடத்தில் போர்ட்டலில் அலர்ட் வர வேண்டும். அந்த அலர்ட்டில் மெஷின் பெயர் சரியாக இருக்கிறதா என்று படித்துவிட்டுத்தான் நான் டிக்கெட்டை மூடுகிறேன்.